கொடுத்தவருக்கும் ஒரு கோப்பு வேண்டும்: ஓர் உறுப்பு மாற்றுப் பிரிவின் கொடையாளர் சேவை பற்றிய மதிப்புரை

அம்மா தன் தம்பிக்கு, அதாவது என் தாய்மாமாவுக்கு, இடப்பக்கச் சிறுநீரகத்தைக் கொடுத்து, அதற்கான இரண்டாம் ஆண்டுப் பரிசோதனையும் அண்மையில் முடிந்தது. அந்த அறுவை சிகிச்சையைச் செய்த உறுப்பு மாற்றுப் பிரிவு கொடையாளர்களுக்கென நடத்தும் சேவையைப் பற்றி இவ்வளவு காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய பிரிவுகளைப் பற்றி நான் படித்த பாராட்டுரைகளில் பெரும்பாலானவை சிறுநீரகம் பெற்றவர் நலமாக வீடு திரும்பிய மகிழ்ச்சியில் எழுதப்பட்டவை. அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான் என்றாலும், கொடுத்தவரின் கதை அப்போது பாதியளவுகூட நடந்திருக்காது. மாமாவின் சிகிச்சை இன்னும் அங்கேயே தொடர்வதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. என் மதிப்பீட்டை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறுவைக்கு முந்தைய கவனிப்பு மிகச் சிறப்பானது, வார்டில் இருந்த நாட்களில் குறை சொல்ல அதிகமில்லை, வீட்டுக்கு அனுப்பிய பிறகோ, கொடையாளர் அவர்களது பார்வையிலிருந்து மெல்ல மெல்ல நழுவிவிடுகிறார்.

முந்தைய கவனிப்பைச் சிறப்பானது என்று சொல்லக் காரணம் பரிசோதனைகளின் எண்ணிக்கையல்ல. இரத்தப் பொருத்தம், சிறுநீரக இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன், வடிகட்டும் திறனை அளக்கும் சோதனை, நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரில் புரத அளவு என்று எல்லா இடங்களிலும் செய்வதை இங்கேயும் செய்தார்கள். வேறுபாடு வேறொன்றில் இருந்தது. அம்மாவுக்கென்று ஒதுக்கப்பட்ட மருத்துவர் மாமாவின் சிகிச்சையில் எந்தப் பங்கும் இல்லாதவர். அவர் அம்மாவைத் தனியே அழைத்து, பாட்டியும் அத்தையும் வெளியே காத்திருந்த நேரத்தில், விருப்பமில்லையென்றால் மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரையிலும் மறுக்கலாம் என்றும், அப்படி மறுத்தால் குடும்பத்தாரிடம் ‘மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை’ என்று மட்டுமே தெரிவிப்போம் என்றும் கூறியிருக்கிறார். அம்மா மறுக்கும் எண்ணத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனாலும் அந்த வாசல் திறந்திருந்தது என்பதை அறுவைக்குப் பிந்தைய கடினமான வாரங்களில் அவரே பலமுறை நினைவுகூர்ந்தார். யாரும் தள்ளிவிடாமல், தானே நடந்து போய்ச் செய்த காரியம் இது என்ற உறுதி அவருக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆபத்துகளையும் எண்களாகவே சொன்னார்கள். 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கொடை அளித்து 15 ஆண்டுகளுக்குள் இறுதிநிலைச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானவர்கள் 10,000 கொடையாளர்களுக்கு ஏறத்தாழ 31 பேர். அதே அளவு ஆரோக்கியத்தோடு இருந்து, கொடை அளிக்காதவர்களில் அது ஏறத்தாழ 4 பேர். சாதாரண மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் கொடையாளர்களின் ஆபத்து மிகக் குறைவு என்று ஓர் ஆறுதல் வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டு கடந்துபோவது எளிது, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த மருத்துவர், “நீங்கள் நோயற்றவர் என்பதால்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறோம், ஆகவே நோயற்றவர்களோடுதான் உங்களை ஒப்பிட வேண்டும்” என்றார். நேர்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் தந்த கையேடு மட்டும் சற்றுப் பழையது. அறுவையால் நேரும் உயிரிழப்பு 10,000 பேரில் 3 என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அது 2010இல் வெளியான கணக்கு. 2024இல் வெளியான அமெரிக்கத் தரவுகள் அண்மைய பத்தாண்டில் அது 10,000க்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டதைக் காட்டுகின்றன. அச்சத்தைக் குறைக்கக்கூடிய எண்ணையே புதுப்பிக்காமல் விட்டிருப்பது விந்தைதான். அதே கையேட்டில் ரொனால்ட் ஹெரிக் பற்றி ஒரு பத்தி உண்டு. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரேயின் குழு செய்த அறுவையில் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் கொடுத்த அவர், 2010 வரை, 79 வயது வரை வாழ்ந்தார். அம்மா அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருந்தார். ரிச்சர்டுக்கு அதன்பின் எட்டு ஆண்டுகளே கிடைத்தன என்பதைக் கையேடு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அறுவையை லேப்ராஸ்கோப்பி முறையில் செய்தார்கள். இடப்பக்கச் சிறுநீரகத்தின் சிரை வலப்பக்கத்ததைவிட நீளமானது என்பதால், வேறு தடை இல்லாதபோது இடப்பக்கத்தையே எடுப்பது வழக்கம். வயிற்றில் மூன்று சிறு துளைகள், சிறுநீரகத்தை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு குறுக்கு வெட்டு. 1995இல் இம்முறை வருவதற்கு முன் விலாவோரம் நீளமாக வெட்டி, சில வேளைகளில் ஒரு விலா எலும்பின் பகுதியையே எடுக்க வேண்டியிருந்ததை எண்ணிப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் “சின்னத் துளை” என்ற சொல்லைக் குடும்பத்தார் எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துளை சிறிதானாலும் உள்ளேயிருந்து எடுத்தது ஓர் உறுப்பு என்பதை அம்மாவைப் பார்க்க வந்தவர்களுக்கு நாங்கள் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது.

வார்டுச் செவிலியர்களைப் பற்றி நல்லதாகவே எழுத இருக்கிறது. அம்மா முதலில் முனகியது வெட்டிய இடத்துக்காக அல்ல, வலது தோள்பட்டைக்காக. படுத்த வாக்கில் ஏதோ சுளுக்கு என்று அப்பா நினைத்தார். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதையும், அதற்கான நரம்பும் தோளின் நரம்பும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை அதைத் தோள்வலியாக உணர்வதையும் மூத்த செவிலியர் ஒருவர் நிதானமாக விளக்கினார். எழுந்து நடக்க நடக்கக் குறையும் என்றார், குறைந்தது. இருமல் வரும்போது தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளவும், எழும்போது நேராக நிமிராமல் ஒருக்களித்துப் புரண்டு, கால்களை முதலில் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி உடலை உயர்த்தவும் கற்றுக்கொடுத்தவரும் அவரே. எந்த அச்சுத் தாளிலும் இல்லாத இந்தப் பாடம்தான் வீட்டில் எங்களுக்கு மிக அதிகமாகப் பயன்பட்டது.

அம்மாவின் முதல் நடை மாமாவின் அறைக்குத்தான். தொற்றுக்கு அஞ்சி மாமாவைத் தனியறையில் வைத்திருந்தார்கள். முகக்கவசம் அணிந்து, சலைன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைச் சற்று வளைத்தபடி அம்மா வாசலில் நின்றார். மாமாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய கண் போனது கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பைக்கு. அது நிறைந்திருந்தது. மாமா சிரித்தபடி, “அக்கா, ராத்திரியெல்லாம் இதே வேலையா ஓடுது” என்றார்.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் குழம்பிப்போகின்றன. பிரிவும் முன்கூட்டியே எச்சரிக்கத் தவறுகிறது. நெடுநாள் நோயாளியான மாமா முகம் தெளிந்து, ஸ்டீராய்டு மருந்தின் வேகத்தில் தூக்கமின்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தறியாத அம்மாவோ வலியோடும் குமட்டலோடும் கிடந்தார். இதில் வியப்பில்லை. பெறுபவருக்குப் புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றின் பக்கவாட்டில், வயிற்று உறைக்கு வெளியே பொருத்துகிறார்கள். கொடுப்பவருக்கோ பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே புகுந்து, குடலை ஒதுக்கி வேலை செய்கிறார்கள். ஒருவர் நோயிலிருந்து ஏறி வருகிறார், மற்றவர் ஆரோக்கியத்திலிருந்து இறங்குகிறார். கொடுத்தவருக்கே வலி கூடுதலாக இருப்பது வழக்கம்தான் என்பதை முன்பே யாராவது பாட்டியிடம் சொல்லியிருந்தால், “அவனே எழுந்து உட்கார்ந்துட்டான், நீ ஏன்டி இப்படிக் கிடக்கிறே” என்று அவர் கேட்டிருக்க மாட்டார். பாட்டி கவலையால்தான் கேட்டார். அம்மாவுக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்டது.

வீட்டுக்கு அனுப்பியபோது இருவருக்கும் தந்த காகிதங்களை மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தேன். மாமாவுக்கு வண்ணங்களால் பிரித்த மருந்து அட்டவணை, புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைப் பன்னிரண்டு மணிநேர இடைவெளியில் விழுங்கும் முறை, பரிசோதனை நாளில் இரத்தம் எடுத்த பின்பே காலை மாத்திரையை விழுங்க வேண்டும் என்ற எச்சரிக்கை, இரவும் பகலும் இயங்கும் தொலைபேசி எண். அம்மாவுக்கு ஒரே ஒரு தாள். ஆறு வாரங்களுக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, வலிக்குப் பாராசிட்டமால், காயத்தை உலர்வாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வலிநிவாரணிகளால் வரும் மலச்சிக்கல், தழும்பைச் சுற்றிய மரத்துப்போன உணர்வு, அடிவயிற்று வீக்கம் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் வகை வலிமாத்திரைகளை இனி தவிர்க்க வேண்டும் என்ற முக்கியமான செய்தியைக்கூட ஒருங்கிணைப்பாளர் வாய்மொழியாகத்தான் சொன்னார். அம்மா பின்னொரு நாள் பல்வலிக்காகச் சென்ற இடத்தில் அதே வகை மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். காதில் விழுந்த சொல் நினைவிலிருந்ததால் மறுத்துவிட்டார்.

இரவுபகல் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாலை அம்மாவின் அடிவயிற்றுக் கட்டு நனைந்திருந்தது. தெளிந்த நீர் போன்ற கசிவு. கொடையாளர் ஒருங்கிணைப்பாளரின் எண் அலுவலக நேரத்தில் மட்டுமே இயங்கும் என்பதால் மாமாவுக்குத் தந்த எண்ணை அழைத்தோம். மறுமுனையில் பேசியவர் பதிவு எண் கேட்டார். அம்மாவின் எண்ணைச் சொன்னதும் சற்று நேரம் தேடிவிட்டு, “இவர் எங்கள் பட்டியலில் இல்லையே, சிறுநீரகம் பெற்றவரின் எண்ணைச் சொல்லுங்கள்” என்றார். அந்தப் பிரிவில் அம்மாவுக்கு இருந்த இடம் என்ன என்பது அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது. பணியிலிருந்த மருத்துவர் பேசத் தொடங்கிய பின் குறையொன்றுமில்லை; காய்ச்சல் உண்டா, காயத்தைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, நாற்றம் வருகிறதா, கசிவில் சீழ் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு, மறுநாள் வரச் சொன்னார். தோலடியில் தேங்கிய நீர்தான் என்று தெரிந்து கட்டை மாற்றி அனுப்பினார்கள்.

நான்கு முதல் ஆறு வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம் என்று அவர்கள் சொன்ன கணக்கு பொய்யல்ல. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் அம்மாவும் ஏறத்தாழ அப்படியே திரும்பினார். ஆனால் அது காயத்தின் கணக்கு, தெம்பின் கணக்கல்ல. மதியம் கடந்தால் அம்மாவின் குரலே இறங்கிவிடும். மாடிப்படியின் நடுவில் நின்று, ஏதோ மறந்துவிட்டதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்குவார். பல மாதங்கள் இது நீடித்தது. அப்பா வீட்டுவேலை முழுவதையும் ஏற்றுக்கொண்டார். துவைத்த துணிக் கூடையை யார் எடுப்பது என்பதில் இருவருக்கும் நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம். சோர்வு பல கொடையாளர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியது என்று முன்பே சொல்லியிருந்தால் அம்மா தன்னைத் தானே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இந்தச் சேவையில் நான் கண்ட மிகப் பெரிய ஓட்டை ஆய்வகச் சீட்டில் இருந்தது. வேறொரு காரணத்துக்காக வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு சிவப்பு எழுத்தில் வந்தது. கீழே, வடிகட்டும் திறன் 60க்கும் குறைவு என்றும் குறித்திருந்தார்கள். அதைப் பார்த்த மருத்துவர் ‘நாட்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை’ என்று எழுதிவிட்டார். தம்பியை எந்த நோயிலிருந்து காப்பாற்றினாரோ, அதே நோயின் பெயரைத் தன் சீட்டில் கண்ட அம்மா அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. உண்மை இதுதான்: ஒரு சிறுநீரகத்தை எடுத்ததும் மொத்த வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பருத்து, கூடுதலாக வேலை செய்து, பழைய திறனில் 60 முதல் 70 விழுக்காடு வரை மீட்டுக்கொடுக்கிறது. ஆகவே கொடையாளரின் கிரியாட்டினின் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஒரு புதிய அளவில் நிலைகொள்கிறது. வயதில் மூத்த கொடையாளருக்கு வடிகட்டும் திறனின் கணக்கு 60க்குக் கீழே இறங்குவது அரிதல்ல. சிறுநீரில் புரதம் கசியாமலும் இரத்த அழுத்தம் சீராகவும் எண் நிலையாகவும் இருக்கும்வரை, முற்றிவரும் நோயால் அதே எண்ணை அடைந்தவரின் நிலையோடு இதை ஒப்பிட முடியாது. அந்தப் பிரிவின் சிறுநீரக மருத்துவர் இதை விளக்க ஐந்து நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விளக்கத்தையும், அறுவைக்கு முன்னும் பின்னுமான அளவுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இரண்டு வரியாக எழுதித் தந்திருந்தால் இந்த மனவுளைச்சல் முழுவதையும் தவிர்த்திருக்கலாம்.

மனநலச் சேவை எதிர்பாராத இடத்தில் கைகொடுத்தது. சில மாதங்கள் கழித்து மாமாவின் கிரியாட்டினின் திடீரென உயர்ந்தது. உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கிவிட்டதோ என்ற அச்சத்தில் அத்தையும் பாட்டியும் அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தார்கள். மறைத்தால் மட்டும் தெரியாமல் போகுமா? தொலைபேசியில் குரலின் மாற்றத்திலேயே அம்மா கண்டுகொண்டார். “என்னுடையது சரியில்லையோ” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டாக்ரோலிமஸ் அளவு இரத்தத்தில் மிகுந்துபோனதே காரணம் என்று தெரிந்து, மருந்தைக் குறைத்ததும் மாமாவின் எண் இறங்கிவிட்டது. ஆனால் அம்மாவின் தூக்கம் அவ்வளவு விரைவில் திரும்பவில்லை. கொடைக்கு முன் அவரிடம் பேசிய ஆலோசகர் தானாகவே அழைத்து, நீண்ட நேரம் பேசினார். சிறுநீரகம் மாமாவின் உடலில் எப்படி நடந்துகொள்கிறது என்பது கொடுத்தவரின் தகுதிக்கான மதிப்பெண் அல்ல என்று அவர் சொன்னது அம்மாவின் மனத்தில் தைத்தது. கவனியுங்கள், அந்த அழைப்பு அட்டவணைப்படி வந்ததல்ல. அந்த ஆலோசகரின் நல்ல மனத்தால் வந்தது. நல்ல மனம் விடுப்பில் போகும் நாளில் என்ன நடக்கும் என்பதே என் கேள்வி.

கொடையாளருக்கு வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று 2017இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எங்கள் பிரிவு முதல் ஆண்டில் தானே அழைத்தது; இரண்டாம் ஆண்டில் நாங்கள்தான் அழைத்து நாள் வாங்கினோம். சென்றால் மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் கொடையாளருக்கெனத் தனி நாளோ தனி அறையோ கிடையாது. நோயாளிகளின் வரிசையில் அம்மாவும் டோக்கன் வாங்கிக் காத்திருந்தார்.

இருந்தும், இதே நிலையில் இருக்கும் குடும்பம் என்னிடம் கேட்டால் இந்தப் பிரிவையே பரிந்துரைப்பேன். கொடையாளரின் விருப்பத்தையும் உயிரையும் அறுவை அறை வரை இவ்வளவு கண்ணியமாகக் காத்த அமைப்பை அற்பக் குறைகளுக்காக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கையெழுத்திடுவதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டு வாங்கச் சொல்வேன். கொடையாளரின் பெயரில் தனிப் பதிவும் இரவில் அழைக்கக்கூடிய எண்ணும் உண்டா, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒற்றைச் சிறுநீரகம் என்பதும் தவிர்க்க வேண்டிய மருந்துகளும் எழுத்தில் வருமா, மூன்றாம் ஆண்டில் யார் அழைப்பார்கள் என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் பெற வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்வதற்கும் இரண்டு ஆட்கள் வேண்டும். பெற்றவரைப் பார்த்துக்கொள்பவரே கொடுத்தவரையும் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்காது.

அம்மா இப்போது இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து, தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறார். கையேடு சொன்னதால் தொடங்கிய பழக்கம் அது. ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பேட்டை எடுத்துச் செல்கிறோம். இதுவரை அங்கே யாரும் அதைக் கேட்டதில்லை. அடுத்த ஆண்டுக்கான நாளையும் நாங்களே பதிவு செய்துவிட்டுத்தான் வந்தோம்.